திரையில் இரண்டு பேர்

மாரென் வந்து சேர்ந்தபோது டெவ்லின் டிரெய்லரின் பின்கதவைத் திறந்து புதுப் பனிவண்டியைப் பாதி இறக்கியிருந்தான். செல்கிர்க் மலையடிவாரத்தில் வேறு யாரும் இல்லை. இரவெல்லாம் கொட்டிய பனி காலையில்தான் ஓய்ந்திருந்தது. ஊசியிலை ஃபர் மரங்கள் தலைகுனிந்து நின்றன.

"பாத்துக்கோ அக்கா. மாப்பிள்ளை மாதிரி நிக்கிறான்ல?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரன் அப்படித்தான் சொல்லுவான். மலை ஏறட்டும், அப்புறம் பேசுவோம்."

டெவ்லின் சிரித்தான். மலைச்சரிவில் பனிவண்டி ஓட்டுவதில் அந்தப் பள்ளத்தாக்கில் மாரெனை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் வாயால் நல்ல வண்டி என்று சொல்லிவிட்டால் போதும், அவனுடைய வண்டிக்கடை வாசலில் கூட்டம் நிற்கும். ஆனால் போன குளிர்காலத்துக்குப் பிறகு அவள் எந்த வண்டியையும் தொடவில்லை.

போன குளிர்காலத்தில்தான் அவள் தம்பி ஓரின், கெஸ்ட்ரல் பள்ளத்தில் பனிச்சரிவில் புதைந்து செத்துப்போனான்.

அன்று அவனோடு போனவன் டெவ்லின். பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் ஒட்டிப் பிறந்ததுபோல் திரிந்தவர்கள். ஓரின் கூப்பிடுவதைப் பார்த்து இவனும் அவளை அக்கா என்றே கூப்பிட்டுப் பழகியவன். பனியில் புதைந்தவனைக் கண்டுபிடிக்க மார்பில் கட்டிக்கொள்ளும் சின்னக் கருவியை ஓரின் இயக்காமலே விட்டுவிட்டான் என்று டெவ்லின் அழுதுகொண்டே சொன்னான். "எவ்வளவோ தேடினேன் அக்கா. சத்தமே வரல." மறுநாள் மீட்புக்குழு நீளக் கம்பிகளால் குத்திக் குத்தித்தான் உடலை எடுத்தது. கருவி அணைந்துதான் கிடந்தது.

அந்தக் கருவியை வாங்கிக் கொடுத்தவளே மாரென்தான். சவ அடக்கத்தில் அவள் அழவில்லை. "முட்டாள்," என்று மட்டும் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். அதன்பிறகு விறகு பிளந்து போட்டது, கூரைப் பனியை வழித்தது, பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வந்தது எல்லாமே டெவ்லின்தான்.

"கருவி போட்டுட்டியா அக்கா?"

"போட்டாச்சு. நீ?"

அவன் ஜாக்கெட்டைத் தட்டிக் காட்டினான். தோளில் வாக்கி டாக்கிகளை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

வண்டி உண்மையிலேயே மாப்பிள்ளைதான். கட்டைவிரலால் விசையைத் தொட்டதுமே இடுப்பளவுப் பனியைக் கிழித்துக்கொண்டு மேலே எழுந்தது. நின்றபடியே உடம்பை மலைப் பக்கம் சாய்த்தாள். வண்டியும் சொன்ன பேச்சைக் கேட்டு ஒருக்களித்துச் சரிவின் குறுக்கே ஓடியது. பனித்தூள் தோளுக்கு மேல் பறந்தது. ஹெல்மெட்டுக்குள் தான் சிரிப்பது அவள் காதிலேயே விழுந்தது.

மரங்கள் முடிந்த இடத்தில் தடம் இரண்டாகப் பிரிந்தது.

"வலது பக்கம் அக்கா," என்றது வாக்கி டாக்கி.

அவள் கெஸ்ட்ரல் பள்ளத்துக்குப் போகும் இடது பக்கம் பார்த்தாள். "ஒரு தடவை அங்க போயிட்டு வந்துடறேன்டா. இதுவரைக்கும் நான் போனதே இல்ல."

"வேணாம்! அங்க பனி சரியில்ல."

"அடியிலேயே நின்னுக்கறேன்."

"அக்கா, சொன்னா கேளு—"

அவள் திருப்பிவிட்டாள்.

கெஸ்ட்ரல் பள்ளம் மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பெரிய கிண்ணம். அவள் உள்ளே நுழைந்ததும் முகட்டிலிருந்து மூடுபனி இறங்கியது. வானமும் தரையும் ஒரே வெள்ளையாயின. திடீரென்று எஞ்சின் நின்றுபோனது. விசையை அழுத்தினாள். எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தாள். அசையவில்லை.

பின்னால் வந்த டெவ்லினும் தன் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினான்.

பனி எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிட்டிருந்தது. எண்ணெய்ப் புகை மெல்லக் கலைந்தது. அதன் அடியிலிருந்து வேறொரு வாடை எழுந்தது. நெடுநாள் காயாத ஈரக் கம்பளியின் வாடை.

அப்போது அவள் மார்பில் ஏதோ கத்தியது.

பீப்.

கருவியை வெளியே எடுத்தாள். அதன் பொத்தானை அவள் தொடவேயில்லை. அதுவாகவே தேடும் நிலைக்கு மாறியிருந்தது. அருகில் இயங்கும் மற்ற ஒவ்வொரு கருவிக்கும் திரையில் ஒரு சின்ன மனித உருவம் தெரியும்.

திரையில் இரண்டு பேர் இருந்தார்கள்.

"உன்னோடது ஒண்ணைத்தானடா காட்டணும்?"

டெவ்லின் எட்டிப் பார்த்தான். அவன் உதடுகள் வெளுத்தன. "புது வண்டியோட மின்சாரம் குழப்பியிருக்கும். வா, போயிடலாம்."

பீப். பீப்.

திரையின் அம்பு அவனைக் காட்டவில்லை. வெறும் பனியைக் காட்டியது.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"டெவ்... கேக்குதாடா?"

அது ஓரினின் குரல். தொட்டிலிலிருந்தே மாரென் கேட்டு வளர்த்த குரல்.

"இங்கதான் இருக்கேன்டா. மூச்சு விட முடியுது. ஒரு கை கூட ஆடுது. சீக்கிரம் வா."

டெவ்லின் பாய்ந்து தன் வாக்கி டாக்கியை அணைத்தான். அவளுடையதையும் பிடுங்கி அணைத்தான்.

குரல் நிற்கவில்லை.

"என்னடா, வண்டிச் சத்தம் தூரமாப் போகுது? டெவ்? எங்கடா போற?"

பிறகு மூச்சு. பிறகு அதுவும் இல்லை.

"இதை நீ ஏற்கெனவே கேட்டிருக்க," என்றாள் மாரென் மெதுவாக.

"அக்கா, மேல இன்னொரு பனிப்பாளம் தொங்கிட்டு இருந்துச்சு..."

"கேட்டியா, இல்லையா?"

அவன் பனியில் உட்கார்ந்துவிட்டான். "கேட்டேன். அவன் நின்ன இடத்துக்கு மேல வண்டிய ஏத்திப் பனியைச் சரிச்சதே நான்தான். பயந்துட்டேன். வாக்கி டாக்கியை அணைச்சுட்டுப் போயிட்டேன்."

"கருவியில சத்தமே வரலன்னு சொன்னியே."

அவன் கையுறையால் முகத்தை மூடிக்கொண்டான்.

"டெவ்லின்!"

"மீட்புக்காரங்க வர்றதுக்கு முன்னாடி திரும்பி வந்தேன். உடனே கண்டுபிடிச்சிட்டேன். நெஞ்சு வரைக்கும் தோண்டினேன். எல்லாம் முடிஞ்சிருந்துச்சு அக்கா, சத்தியமா. தேடியிருந்தா கிடைச்சிருப்பானேன்னு ஊர் கேக்கும்ல? ஜாக்கெட்டுக்குள்ள கைய விட்டு... கருவியை நான்தான் அணைச்சேன்."

"அப்புறம்?"

"மறுபடி மூடிட்டேன்."

அவளால் அவனை அடிக்கக்கூட முடியவில்லை. ஒரு வருஷம் முழுக்க அவள் திட்டியது யாரை? இவன் பிளந்த விறகில் குளிர்காய்ந்துகொண்டு, செத்துப்போன பிள்ளையை அல்லவா மன்னிக்காமல் இருந்தாள்!

பீப்... பீப்... பீப்...

அம்பு மெல்லத் திரும்பியது. தூரம் குறைந்தது. பனிக்கு அடியிலிருந்த ஏதோ ஒன்று அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

டெவ்லின் அலறியபடி தன் வண்டியில் ஏறினான்.

"டேய், என் வண்டி கிளம்பலடா! இரு!"

அவன் திரும்பிப் பார்க்கவேயில்லை. மூடுபனியில் வழி தெரியாமல் சரிவின்மேல் ஏறினான். எஞ்சின் சத்தம் தூரமாகப் போவதை அவள் நின்று கேட்டாள். ஓரின் கேட்டதும் இதைத்தான்.

மேலே ஏதோ 'தம்' என்று உடைந்தது. மலை ஒருமுறை பெருமூச்சு விட்டது.

சரிந்த வெள்ளை எல்லாம் அடங்கியபோது மாரென் மரங்களின் ஓரத்தில் கிடந்தாள். உயிர் இருந்தது. கருவி கத்திக்கொண்டிருந்தது. திரையில் அதே இரண்டு பேர். இப்போது இருவரும் ஒரே இடத்தில் இருந்தார்கள்.

விட்டுவிட்டுப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மடக்குப் பனிவாரியை எடுத்து அவள் தோண்டினாள். அழுதுகொண்டே, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே தோண்டினாள். டெவ்லினின் முகம் தெரிந்தது. நீலம் பாரித்திருந்தாலும் மூச்சு இருந்தது. அவன் ஜாக்கெட்டின் ஜிப் தொப்புள் வரை திறந்து கிடந்தது. கருவியைச் சுற்றிக் கைப்பிடி கைப்பிடியாகப் பனி திணிக்கப்பட்டிருந்தது.

திரையைப் பார்த்தாள். இப்போது டெவ்லின் ஒருவன்தான் இருந்தான்.

டெவ்லின் பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் போலீஸிடம் தெளிவாகப் பேசினான். "பாவம், தம்பி செத்த இடத்தைப் பாத்ததும் அக்காவுக்கு மனசு கலங்கிடுச்சு. ஏதேதோ குரல் கேட்டதா சொல்றாங்க. நான் அப்படி எதுவும் சொல்லல." சொல்லிவிட்டு, வாசலில் நின்றவளைப் பார்த்துக் கண்கலங்கவும் செய்தான். ஊர் அவனை நம்பியது.

மாரென் ஓரினின் கல்லறைக்குப் போய்த் தனியாக அழுதுவிட்டு வந்தாள்.

ஜூலை மாதத்தில் ஒரு நண்பகல். வெயில் கூரைத் தகரத்தை உருக்கிக்கொண்டிருந்தது. டெவ்லினின் மனைவி லூயெல்லா கதவைத் தட்டினாள். இளைத்துப்போயிருந்தாள். வலது கையை மூடியே வைத்திருந்தாள்.

"நீங்க சொன்னது நெஜமாக்கா?"

மாரென் தலையாட்டினாள்.

"தெனமும் காலைல அவர் நெஞ்சு மேல இது இருக்கு. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் படுக்கறோம். இன்னைக்கு எடுத்துட்டு வந்துட்டேன்."

அவள் கையை விரித்தாள்.

ஒரு பிடி பனி. யாரோ இறுக்கிப் பிடித்த ஐந்து விரல்களின் தடமும் அதில் பதிந்திருந்தது. அவளுடைய விரல்களைவிடப் பெரிய விரல்கள்.

இருவரும் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அது உருகவேயில்லை.