குழாய்ப் பாடத்தில் யார் யார் பெயர்?

சிடுசிடு மூன்றாவது முறையாக அந்தப் பக்கத்தை அழித்தாள். அவள் முறைத்த முறைப்பில் மடிக்கணினியே சூடாகிக் கிடந்தது.

அவளுடைய உண்மையான பெயர் வேறு. எதற்கெடுத்தாலும் முகத்தைச் சுளிக்கிறாள் என்று அண்ணன் வைத்த பெயர் இது. பதிலுக்கு அவள் அண்ணனுக்கு நெட்டை என்று பெயர் வைத்துவிட்டாள். கணக்குச் சரியாகிவிட்டது.

ஆனால் இன்று அவள் சிடுசிடுத்ததில் நியாயம் இருந்தது.

அம்மாவுக்குக் குழாய் ரிப்பேர் செய்வதுதான் வேலை. "வீட்டுக் குழாய் ஒழுகினா அவங்கவங்களே சரிபண்ணிக்கிற மாதிரி ஆன்லைன்ல பாடம் எடுங்களேன்" என்று ஊர் நூலகத்தில் அம்மாவைக் கேட்டிருந்தார்கள். அன்றிலிருந்து வீடே அந்த வேலையாகக் கிடந்தது. ஏழு பாடங்கள் தயார். எட்டாவதில் மட்டும், பாடத்துக்குக் குரல் கொடுக்கும் சித்தி பேசும்போது நடுவில் ஒரு லாரி ஹாரன் அடித்துவிட்டது. சித்தி வந்து அந்த இடத்தை மறுபடி படித்துக்கொடுக்க வேண்டும். வேலை செய்தவர்களின் பெயர்களைக் கடைசியில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் மாலைக்குள் அனுப்பிவிட வேண்டும். நாளைக்கு நூலக இணையதளத்தில் திறப்பு.

"நீதான் வேகமா டைப் பண்ணுவியே, அஞ்சு நிமிஷ வேலை" என்று பெயர் போடும் வேலையை அம்மா அவள் தலையில் கட்டிவிட்டாள்.

அஞ்சு நிமிஷமாம்! காலையில் உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

முதலில், 'பாடம்: அம்மா. உதவி: எல்லோரும்' என்று எழுதினாள். இரண்டே வரி. எவ்வளவு அழகு!

நெட்டை எட்டிப் பார்த்தான். "எல்லோரும்னா யாரு? கேமராவைப் பிடிச்சவனும் பக்கத்துல படுத்துத் தூங்கின பூனையும் ஒண்ணா?"

சரி என்று அவன் பெயரைத் தனியாகச் சேர்த்தாள். அப்பா வந்தார். "சும்மாதான் கேட்கறேன். சிங்க்குக்கு அடியில கை மரத்துப்போற வரைக்கும் டார்ச் பிடிச்சது யாரு?"

"நீங்கதாம்பா."

"ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்" என்றார். ஆனால் நகரவில்லை. அவள் அவர் பெயரைச் சேர்த்த பிறகுதான் நகர்ந்தார்.

கதவு தட்டப்பட்டது. குழாய்க் கடைக்காரர். பாடத்தில் பிரித்துக் காட்டிய குழாய்கள் எல்லாம் அவர் கடையிலிருந்து இரவல் வந்தவை. "பாப்பா, கடை பேரைப் பெரிசாப் போடு. அப்படியே ஃபோன் நம்பர், 'ஞாயிறும் உண்டு', அதையும் சேர்த்துடு."

"மாமா, இது பாடம். விளம்பரப் பலகை இல்ல!"

அவர் போனதும் கீழ்வீட்டுத் தையல்கார அத்தை வந்தார்.

"என் பேரு இருக்கா?"

"நீங்க என்ன செஞ்சீங்க அத்தை?"

"ஒண்ணுமே செய்யல."

சிடுசிடு கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். "ஒண்ணுமே செய்யாததுக்கு எப்படி அத்தை பேரு போடறது?"

"நல்லாக் கேட்டே போ! நீங்க ரெக்கார்டிங்னு குரல் கொடுக்கறப்பல்லாம் மெஷினை நிறுத்திட்டு உட்கார்ந்திருந்தேன். நான் தைச்சிருந்தா உன் சித்தி பேசினதுல ஒரு வார்த்தை கேட்டிருக்குமா?"

அத்தை பெயரும் ஏறியது.

அப்போதுதான் சித்தி வந்து சேர்ந்தாள். அவள் பள்ளி ஆசிரியை. எட்டுப் பாடத்தையும் எழுதியதும், பேசியதும் அவள்தான். தோள்பையைக் கழற்றாமலே திரையைப் படித்தாள். 'உதவி' என்ற தலைப்பின் கீழே, டார்ச்சுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் அவள் பெயர் இருந்தது.

"ஓஹோ. நான் உதவியா?"

"சித்தி, அது சும்மா ஒரு வரிசைக்கு..."

"பரவாயில்லம்மா. உதவிக்கு வந்தவளுக்கு இங்க என்ன வேலை? கடைசிப் பாடத்தை வேற யாரையாவது படிக்கச் சொல்லுங்க." வந்த வேகத்திலேயே படியிறங்கிவிட்டாள்.

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "போகட்டும் விடு! தண்ணியில படுத்துப் படுத்து எனக்கு முதுகு போச்சு. அவ நாற்காலியில உட்கார்ந்து பேசினா. முதல்ல அவ பேரா வரணும்?"

"அப்போ கடைசிப் பாடம்?"

அம்மா விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

சிடுசிடுவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. குழாயைக்கூடச் சரிசெய்துவிடலாம் போலிருக்கிறது, இந்தப் பெரியவர்களை என்ன செய்வது?

யாருடைய பெயர்தான் முதலில் வரவேண்டும்? தெரிந்துகொள்ள மூன்றாம் பாடத்தை ஓடவிட்டாள். அம்மாவின் கைகள் குழாயைப் பிரித்தன. நடுவில் சத்தத்தை மட்டும் நிறுத்திப் பார்த்தாள். கைகள் ஏதோ செய்தன, எதற்கென்று புரியவில்லை. சத்தத்தை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "உள்ளே தேய்ந்துபோன கறுப்பு வளையம் தெரிகிறதா? அதுதான் வாஷர்" என்றது சித்தியின் குரல். தெரியவில்லை.

கண்ணைத் திறந்தாள். வெளிச்சம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அப்பாவின் கை! பின்னால் தையல் மெஷின் சத்தமே இல்லை. அந்த அமைதி அத்தையுடையது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நெட்டை! பேரையெல்லாம் கடைசியில போட வேண்டாம். யாரு வேலை எங்க தெரியுதோ, அங்கேயே மூலையில போடலாம்."

நெட்டை வாயைப் பிளந்தான். "எட்டுப் பாடத்தையும் மறுபடி திறக்கணுமா? உனக்கென்ன பைத்தியமா?"

"திட்டிக்கிட்டே செய். ஆனா செய்."

திட்டிக்கொண்டே செய்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். 'உதவி' என்ற சொல்லை அவள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. மூன்றாம் பாடம் முடிந்ததும் அதைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினாள்.

சித்தி கதவைத் திறந்தாள். முகத்தைத்தான் திறக்கவில்லை.

"ஒரே ஒரு நிமிஷம் பாருங்க சித்தி. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் கோவிச்சுக்கோங்க."

பாடம் ஓடியது. அம்மாவின் கைகள் வந்ததும் மூலையில் 'குழாயைப் பிரிப்பது' என்று அம்மாவின் பெயர் வந்தது. குரல் தொடங்கியதும், 'யாருக்கும் புரியும்படி எழுதியாது, பேசுவது' என்று சித்தியின் பெயர். வெளிச்சம் ஆடியபோது, 'கை வலித்தும் டார்ச்சைக் கீழே போடாதவர்' என்று அப்பாவின் பெயர். சித்தி பேச்சை நிறுத்திய இடத்தில், 'இந்த அமைதியைக் கொடுத்தவர்' என்று தையல்கார அத்தை.

சித்தியின் உதடு துடித்தது. அழப்போகிறாளோ என்று சிடுசிடு பயந்துபோனாள். இல்லை, சிரிப்பு!

"எங்க அக்கா படம் எடுக்கறப்போ என்ன சொன்னா தெரியுமா? 'இதை இப்படி, அப்புறம் அதை இப்படி, அவ்வளவுதான்.' அதை வெச்சுக்கிட்டு நான் பாடம் எழுதினேன்!" கண்ணைத் துடைத்துக்கொண்டவள், சட்டென்று திரையைக் குனிந்து பார்த்தாள். "இது என்ன, 'எழுதியது'க்கு நடுவில கால் விழுந்திருக்கு? 'எழுதியாது'ன்னு இருக்கு!"

"சித்தி! இப்போ அதுவா முக்கியம்?"

"அதுவும் முக்கியம்தான்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள் சித்தி.

அம்மா கதவைத் திறந்தாள். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

"டீ ஆறுது. குடிச்சுட்டுப் படி" என்றாள் அம்மா.

"சர்க்கரை போட்டியா, இல்ல அதுக்கும் நான்தான் வரணுமா?" என்றாள் சித்தி.

சிடுசிடு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக் கத்தினாள். "அத்தை, ரெக்கார்டிங்!" மெஷின் நின்றது. இம்முறை லாரியும் வரவில்லை.

இருட்டுவதற்குள் எட்டுப் பாடங்களும் தயாராகிவிட்டன. அனுப்பும் முன் எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். தன் பெயர் வரும்போதெல்லாம் அப்பா ஒன்றுமே நடக்காததுபோலக் கூரையைப் பார்த்தார். புதுக் குழாய் வந்த இடத்தில் கடையின் பெயர் வந்தது, ஃபோன் நம்பர் இல்லாமல்.

எட்டாவது பாடம் முடிந்தது. திரை கறுப்பானது. பிறகு வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது.

'இத்தனை பேரின் பெயரையும் போட்டுப் போட்டு ஓய்ந்துபோனவள்.'

அதன் கீழே அவளுடைய உண்மையான பெயர், திரையை அடைத்துக்கொண்டு நின்றது.

"அடேயப்பா! இவ்வளவு பெரிசாவா?" என்றான் நெட்டை.

"சின்னதாப் போட்டா மீதி இடம் வீணாப் போயிடுமே" என்றாள் அவள். மறுபடி யாராவது கதவைத் தட்டுவதற்குள் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.