அண்ணனுக்கு ஒரு வாய்

மழை பிடித்துக்கொண்ட ஒரு பகலில் மொரெனிகே இபாதான் நகரின் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவந்தாள். துருவேறிய தகரக் கூரை. நடுவில் நீண்ட நடைவழி, இருபுறமும் அறைகள். பனையெண்ணெய் கரிந்த வாடை சுவரில் ஊறியிருந்தது.

இரண்டரை வயது மகன் நடைவழியின் கோடிவரை ஓடினான்.

"டைவோ, மெல்ல!"

அடுத்த அறையில் பயறு வடை சுட்டு விற்கும் சிடிகத் தலையை நீட்டினாள்.

"டைவோன்னா இரட்டையாச்சே. இன்னொருத்தன் எங்கடி?"

"லாகோஸ் போயிருக்கான் அக்கா."

சிடிகத்துக்குப் புரிந்தது. இரட்டையில் ஒன்று இறந்தால் இறந்தது என்று அங்கே யாரும் சொல்வதில்லை; வெளியூர் போயிருக்கிறது என்பார்கள்.

இரட்டையில் மற்றவன் கெஹிண்டே. காய்ச்சலில் போனது தவழும் வயதில். இரண்டாவதாகப் பிறந்தவன். ஆனால் உலகத்தைப் பார்த்து வர டைவோவை முன்னால் அனுப்பியவன் அவன்தான். அதனால் அவன்தான் அண்ணன் என்பது அங்கத்திய நம்பிக்கை. போன பிள்ளைக்கு மரத்தில் ஓர் உருவம் செதுக்கி, இருக்கும் பிள்ளையோடு சேர்த்துக் குளிப்பாட்டி, ஊட்டி வளர்க்க வேண்டும் என்பது வழக்கம். கணவன் லெக்கான் விடவில்லை.

"கட்டைக்குச் சோறு ஊட்டுவியா? சர்ச் சபையில நான் தலை நிமிர்ந்து உட்கார வேணாமா?"

அவள் தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். மசித்த பயறை ஊட்டும்போது சொல்வாள்: "உனக்கு ஒரு வாய். அண்ணனுக்கு ஒரு வாய்."

இரண்டும் டைவோவின் வாய்க்குள் போயின.

குடிவந்த சில நாளில், மதியம், நடைவழியில் சத்தம் கேட்டது. சிமென்டுத் தரையில் சின்ன உள்ளங்கைகள் மாறி மாறி அறையும் சத்தம்.

டைவோ அவள் பக்கத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான்.

பிறகு சத்தம் மாறியது. ஓர் அடி. தொப்பென்று விழுதல். சற்று அமைதி. மறுபடி ஓர் அடி. ஒரு பிள்ளை நடை பழகுகிறது. அந்தச் சத்தத்துக்குத் தன்னையறியாமல் புன்னகைத்தவள், பாயில் தூங்கும் டைவோவைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த வாரமே டைவோ தடுக்கி விழுந்தான். சுவரைப் பிடித்து நின்றான். பிறகு தவழ்ந்தான். தண்ணி, பூனை, அம்மா என்று சேர்த்து வைத்திருந்த சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. சுகாதார நிலையத்தில் நர்ஸ் கால்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். காலில் ஒரு குறையும் இல்லை என்றாள்.

நடைவழியில் இப்போது ஓட்டம் கேட்டது.

ஒருநாள் அவள் ஊட்டுவதைச் சிடிகத் பார்த்துவிட்டாள்.

"நிறுத்துடி! ரெண்டு பேருக்கும் ஒரே வாயிலயா?"

"கட்டை செதுக்க அவரு விடல அக்கா."

"உன் புருஷன் சபைக்குப் பயந்தான். நீ என்ன பண்ணியிருக்க? இவன் உடம்பத் தின்னுக்கோன்னு அவனுக்குக் காட்டிக் கொடுத்திருக்க."

மொரெனிகே கரண்டியைக் கீழே வைத்தாள்.

லெக்கான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சிடிகத் உருவத்தை வாங்கி வந்தாள். ஒரு சாண் உயரம். பெரிய கண்கள். மொரெனிகே அதைக் குளிப்பாட்டினாள். தனித் தட்டில் பயறு வைத்தாள். மர உதடுகளில் விரலால் தடவினாள்.

"கெஹிண்டே, இதுதான் உன் வாய். தம்பிய விட்டுடு."

பிள்ளையைப் போல அதை முதுகில் வைத்துத் துணியால் சுற்றி, மார்புக்கு மேல் முடிச்சிட்டாள்.

நடைவழியில் ஓடி வந்த காலடிகள் அவளுக்குப் பின்னால் நின்றன.

பாயில் கிடந்த டைவோ சுவரைப் பிடித்து எழுந்தான்.

சுவரை விட்டான்.

ஓர் அடி. இன்னோர் அடி.

"அம்மா."

அவள் முழங்காலிட்டுக் கைகளை நீட்டினாள். கண்ணீரில் அவன் முகம் கலங்கித் தெரிந்தது. அவன் பாதி வழியில் நின்றுவிட்டான். அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்தான்.

"என்னைத் தூக்கு," என்றான் மெதுவாக. "அவனை இறக்கு."

மொரெனிகே முடிச்சை அவிழ்த்தாள்.

துணி நழுவியது. கட்டை தரையில் விழுந்து, உருண்டு, டைவோவின் காலடியில் நின்றது.

அவள் முதுகிலிருந்த பிள்ளையின் பாரம் இறங்கவில்லை.