வாரின் மறுமுனை

நாய்க்குட்டி நடைவழியைக் கடந்து வாசற்கதவு வரை போய், உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் நடுஅறையில் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தவளுக்குக் கால் பெடலிலேயே நின்றுவிட்டது.

ஏனென்றால் அந்தக் குட்டிக்கு நடக்கத் தெரியாது. அதாவது, கழுத்துப்பட்டையோடு நடக்கத் தெரியாது. பட்டையை மாட்டிய அன்று பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்து சொறிந்தே பாதிப் பொழுதைக் கழித்தது. பட்டையில் வாரைக் கோர்த்து அவள் கையில் பிடித்தால் போதும், நாலு காலையும் பரப்பித் தரையோடு ஒட்டிக்கொண்டு, மாவு மூட்டையை இழுப்பது போல இழுக்க வைக்கும். கெஞ்சிப் பார்த்தாள், பிஸ்கட்டைக் காட்டிப் பார்த்தாள். பிஸ்கட் தீர்ந்ததே தவிர குட்டி நகரவில்லை. கடைசியில் தடுப்பூசி போட்ட மருத்துவர்தான் வழி சொன்னார்: "கயித்த மாட்டி அப்படியே விட்டுடுங்கம்மா. தரையில இழுத்துக்கிட்டுத் திரியட்டும். பாரம் பழகிட்டா பயம் போயிடும்."

அன்று மாலைதான் முதன்முதலாக அப்படி விட்டிருந்தாள். குட்டியோ, உயரமான ஆள் ஒருவர் பக்கத்தில் நடப்பது போல, அவர் நடைக்குத் தகுந்தாற்போலத் தன் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், சுவரோரமாகவே ஒதுங்கி, அவருக்கு இடம் விட்டு நடந்து போயிருந்தது.

"யாருடா உன்னப் பழக்குனது?" என்றாள். குட்டி திரும்பவில்லை. கதவு நிலையின் மேல்கட்டையை, அதற்கும் மேலே எதையோ, பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

தையல்காரியைத்தான் ஊர் சந்தேகப்படும், துணியில் மிச்சம் பிடித்துவிட்டாளோ என்று. இவளோ ஊரையே சந்தேகப்படுகிறவள். அவளைத் தவிர அந்த வீட்டில் இருப்பது மூன்றே பேர். கணவன் லாரியோடு போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். மகள் சிட்டு இரண்டாம் வகுப்பு. அவள் பிடித்தாலும் குட்டி நகராது. மிச்சம் கொழுந்தன். அச்சகத்தில் இரவு வேலை பார்ப்பவன், பகலெல்லாம் வீட்டில்தான் கிடப்பான். நாய் மயிர் பட்டாலே தும்முகிறவன். 'அண்ணி, இது வேணாம் அண்ணி' என்று முதல் நாளே மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னவன். சத்தமில்லாமல் வாசல் வரை நடந்து போகக் குட்டியைப் பழக்கினால் யாருக்கு லாபம்? ஒருநாள் அப்படியே கூட்டிக்கொண்டு போய் எங்காவது விட்டுவிட்டு வந்துவிடலாமே.

அதை மட்டும் அவள் நடக்க விடமாட்டாள். குட்டி வருவதற்கு முன்னால் சிட்டு எந்த அறையிலும் தனியாக இருக்கமாட்டாள். மெஷினுக்கு அடியில் புகுந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டுதான் வீட்டுப்பாடம். இப்போது குட்டியோடு வீடெங்கும் ஓடுகிறாள், சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அத்தனை பேச்சையும் மீறி அதை வாங்கி வந்தாள்.

அன்றே கேட்டுவிட்டாள். "தம்பி, குட்டிய நீ பழக்குறியா?"

"நானா? அது பக்கத்துல வந்தாலே எனக்கு மூக்கு ஒழுகுது. நான் எங்க பழக்குறது?"

"அப்ப எப்படி இவ்வளவு அழகா நடக்குது?"

"நீங்க சொல்லிக் குடுத்தீங்கன்னு நெனச்சேன்." அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். "இன்னைக்குத் தூங்கி எந்திரிச்சு வரும்போது பாத்தேன் அண்ணி. அது நடந்து போச்சு. ஆனா கயிறு தரையில இல்ல."

"தரையில இல்லாம?"

"தூக்கக் கலக்கம். விடுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினான். கதை அளக்கிறான் என்று அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

அதற்குப் பிறகு மெஷினை ஓட்டுவதும் நிறுத்துவதுமாக அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடைவழியில் குட்டியின் நகங்கள் சிமெண்டுத் தரையில் டிக் டிக்கென்று போகும். கூடவே வார் சரசரவென்று இழுபடவேண்டும், ஆனால் இழுபடாது. இஸ்திரி போட்ட துணியின் சூட்டு வாசனைக்கு நடுவே, வெகுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தாற்போல ஒரு வாடை வந்து போகும். எட்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. குட்டி கதவடியில் உட்கார்ந்திருக்கும், வார் தரையில் கிடக்கும், அதன் நுனி மட்டும் அப்போதுதான் விழுந்தது போல லேசாக அசைந்து அடங்கும்.

தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு ஒருநாள் மதியம் அவள் திரும்பி வந்தபோது, குட்டி நடைவழியில் நின்றுகொண்டிருந்தது. பின்னங்கால்களில் நின்றுகொண்டிருந்தது. வாரின் கைப்பிடி வளையம், சமையலறைக் கதவுக்கு மேலே இருக்கும் காற்றுச் சன்னல் கம்பியில் மாட்டப்பட்டிருந்தது. கழுத்து இறுகி, முன்னங்கால்கள் காற்றில் தொங்க, அது முனகக்கூட இல்லை. பொறுமையாகக் காத்திருந்தது. வாலை ஆட்டியது.

ஸ்டூலைப் போட்டு ஏறி வாரைக் கழற்றிக் குட்டியை இறக்கினாள். நேரே போய்க் கொழுந்தனை உலுக்கி எழுப்பினாள்.

"வாயில்லாத ஜீவனத் தொங்க விட்டிருக்கியே, நீயெல்லாம் மனுசனா?"

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கம்பியைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "அண்ணி, எனக்கு அது எட்டுமா? ஸ்டூல் போட்டாத்தான் எட்டும்."

"அப்ப ஸ்டூல் போட்டுக்கிட்டே பண்ணியிருக்கே!"

"நான் பண்ணல. சத்தியமா பண்ணல."

"வேற யாரு பண்ணுனா? வீட்ல நீதானே இருந்தே?"

அவன் உள்ளே போனான். பையில் துணியைத் திணித்துக்கொண்டு வந்தான். செருப்பை மாட்டும்போது தலை நிமிராமல் சொன்னான்: "நான் சிநேகிதன் ரூம்ல இருந்துக்கறேன். ஆனா சிட்டுவ இந்த வீட்ல தனியா விடாதீங்க அண்ணி."

மிரட்டிவிட்டுப் போகிறான் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். பின்னாலேயே போய் மேல்தாழ்ப்பாளையும் போட்டாள்.

பிறகுதான் வாரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவளே தைத்தது. மிச்சம் விழுந்த ஜீன்ஸ் துணியை நாலாக மடித்து, இரட்டைத் தையல் போட்டு, கைப்பிடி வளையத்தை இஸ்திரி போட்டு அழுத்தியிருந்தாள். சட்டையின் முழங்கை மடிப்பைப் பார்த்தே போட்டவர் எந்தக் கையால் எழுதுகிறவர் என்று சொல்லிவிடக்கூடியவள் அவள். வளையத்தில் பிடித்த தடம் இருந்தது. வருஷக்கணக்காக ஒரே இடத்தில் இறுக்கிப் பிடித்தாற்போல விரல் மடிப்புகள் ஆழமாக விழுந்திருந்தன. அதன்மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். நாலு விரலும் நாலு தடத்தில் பொருந்தின. அவள் கை முடிந்த பிறகும் தடங்கள் போய்க்கொண்டே இருந்தன. இன்னொன்று. இன்னொன்று. வளையம் முடிகிற வரைக்கும்.

கொழுந்தனின் முழுக்கைச் சட்டைகளை அவள்தான் தைக்கிறாள். அவன் கை சின்னக் கை.

உடனே அவனுக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கோபமாக இருப்பான், இருக்கமாட்டானா? நாக்கில் நரம்பில்லாமல் பேசிவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பெரிய கத்தரியை எடுத்து வாரைத் துண்டு துண்டாக வெட்டினாள். பட்டையையும் கழற்றி வெட்டினாள். எல்லாவற்றையும் கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் அது போய்விடும் என்று நினைத்தாள்.

போய்விட்டது போலத்தான் இருந்தது. நடைவழியில் சத்தமில்லை, வாடையும் இல்லை. குட்டி மட்டும் சாப்பிடாமல் மெஷினுக்கு அடியிலேயே கிடந்தது. மறுநாள் பள்ளியிலிருந்து வந்த சிட்டு, நடைவழியில் கொஞ்ச நேரம் அழுதாள். கேட்டதற்கு விழுந்துவிட்டேன் என்றாள். அடுத்த நாள் காலையில் தலை சீவ விடவில்லை. "தொடாதம்மா, வலிக்குது" என்று சீப்பைத் தள்ளிவிட்டாள். அவசரத்தில் அவளும் பழைய பின்னலோடேயே ரிப்பனை மட்டும் இறுக்கிக் கட்டி அனுப்பிவிட்டாள்.

அன்று மாலை. வெளியே வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒரு பாவாடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

நடைவழியில் காலடிச் சத்தம்.

மெஷினை நிறுத்தினாள். சின்னக் காலடிகள். சீராக. கொஞ்சம் வேகம். கொஞ்சம் நிதானம். மறுபடி வேகம்.

"சிட்டு?"

"ம்."

"என்னடி பண்றே?"

"நடக்குறேம்மா."

அந்த வாடை வந்தது. காலடியில் ஏதோ ஈரம். குனிந்து பார்த்தாள். குட்டி அவள் பாதத்தோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. மூத்திரம் பெய்திருந்தது.

எழுந்தாள். அறை வாசல் வரை போனாள்.

சிட்டு சுவரோரமாக நடந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டு. மோவாய் மேலே தூக்கியிருந்தது. பின்னல் முதுகில் இல்லை. தலைக்கு மேலே, நேராக, விறைப்பாக, காற்றில் நின்றது. அதன் நுனியில் இருந்த ரிப்பன் கசங்கியிருந்தது. யாரோ பிடித்திருப்பது போல. கை மட்டும் தெரியவில்லை.

"சிட்டு..." என்றாள். "வலிக்கலையாடி?"

"நேத்து வலிச்சுச்சு. நான் வரமாட்டேன்னு அடம் பண்ணேன்ல, அதான்." திரும்பாமலேயே சொன்னாள். "இன்னைக்குப் பழகிடுச்சும்மா."

ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். சிட்டு வெடுக்கென்று உதறினாள், முன்பின் தெரியாதவள் தொட்டது போல. கதவடிக்குப் போனாள். உட்கார்ந்தாள். அண்ணாந்து பார்த்தாள். நிலைக்கு மேலே.

சிரித்தாள்.

மேல்தாழ்ப்பாள் மெல்ல இறங்கியது. கதவு திறந்தது. யாரும் சொல்லாமலே சிட்டு எழுந்து நின்றாள்.

காற்றில் விறைத்து நின்ற பின்னல் இப்போது தளர்ந்தது. நுனி மட்டும் மேலே, கசங்கிய ரிப்பனோடு, அப்படியே நின்றது. இனி இழுக்க வேண்டியிருக்கவில்லை. சிட்டு வாசற்படியைத் தாண்டித் தானாகவே நடந்தாள்.