சாம்பல் பார்த்த நாள்

சூலூர்ச் சுரங்கத்தில் பெண் பார்க்கப் போனால் குழாய் வழியே காபி கொடுப்பார்கள், குழாய் வழியே பஜ்ஜி கொடுப்பார்கள், அப்புறம் மாப்பிள்ளையின் முகத்தை அணைத்துவிடுவார்கள்.

வியாழனின் நிலாவான கானிமீடில் இப்படிச் சுரங்கம் தோண்டிக் குடியேறியவர்களுக்குக் கவசம்தான் முகம். அதன்மேல் ஒட்டிய, மயிரிழையைவிட மெல்லிய கரிமப் படலம்தான் சிரிக்கும், அழும். படலத்தின் ஒருபுறமிருந்து எலெக்ட்ரானும் மறுபுறமிருந்து எலெக்ட்ரான் இல்லாத குழியும் கிளம்பி நடுவில் சந்திக்கும். சந்தித்த சந்தோஷத்தில் ஒளி பிறக்கும். பின்னால் விளக்கெல்லாம் கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். கறுப்பு வேண்டுமென்றால் அணைந்து சும்மா கிடக்கும். நரைமுடிக்கு மின்சாரம் அதிகம் என்பதால் அங்கே தொண்ணூறு வயதிலும் எல்லோருக்கும் கருகரு தலை.

கரிமப் பொருளாயிற்றே, மூப்பு வராமலிருக்குமா? அதிகம் எரிந்த புள்ளி சீக்கிரம் மங்கும், அதிலும் நீலம் முதலில் போகும். படலம் முழுக்க ஒரே சாம்பல் நிறத்தை ஓடவிட்டால், ஆள் எந்த முகத்தோடு அதிகம் திரிந்தானோ அது கறையாகத் தெரிந்துவிடும். இதற்குச் ‘சாம்பல் பார்ப்பது’ என்று பெயர். சோதிடர்கள் எல்லோரும் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள்.

நாச்சிமுத்து காற்றுப் பங்கீட்டு அலுவலகத்தில் புகார் வாங்குபவன். போன இடத்திலெல்லாம் சாம்பலில் அவனுடைய சிடுமூஞ்சி தெரிந்து சம்பந்தம் முறிந்தது. மரகதத்தை மட்டும் விட அவனுக்கு மனமில்லை. புகார் கொடுக்க வந்த இடத்தில் அவனையே சிரிக்க வைத்துவிட்டுப் போனவள் அவள்.

அதனால் புதுப் படலம் வாங்கி ஒட்டி, இரவும் பகலும் அதில் முழுப்பல் சிரிப்பையே ஓடவிட்டான். தூங்கும்போதும் சிரித்தான், மேலதிகாரி செத்த வீட்டிலும் சிரித்தான். அக்கா ருக்குமணிக்குத் தாங்கவில்லை.

“ஏன்டா, எழவூட்டுலயும் பல்லக் காட்டீட்டு நின்னயாமா?”

“கறை நல்லாப் புடிக்கோணுமக்கா. நடுவுல நிறுத்துனா சிடுசிடுப்பு ஏறிக்கும்.”

மரகதத்தின் வீட்டில் அவன் முகத்தில் சாம்பலை ஓடவிட்டார்கள். அவன் ஒன்றை மறந்திருந்தான். சிரிப்பில் அதிகம் எரிவது பல். ஆகவே முதலில் செத்ததும் பல்தான். சாம்பல் முகத்தின் நடுவே காதுக்குக் காது கறுப்புப் பல்வரிசை, அடுப்புக்கரியை மூட்டையோடு மென்ற பூதம்போல.

கவசத்துக்குள் நாச்சிமுத்துவுக்கு வியர்த்த வியர்வையில் வடிகால் குழாய் அடைத்துக்கொண்டது. போகலாம் என்று அக்காவுக்குச் சாடை காட்டினான்.

மரகதத்தின் அம்மா கிட்டே வந்து அந்தக் கறுப்புப் பற்களை உற்றுப் பார்த்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பி, அவள் முகத்தையும் அணைத்துச் சாம்பலை ஓடவிடச் சொன்னாள். மரகதம் தயங்கித் தயங்கி ஓடவிட்டாள். அங்கேயும் காதுக்குக் காது கறுப்பு.

“எங்கூட்டுல அத்தன பேருக்கும் இப்படித்தானுங்க,” என்றாள் அம்மா, மனம் குளிர்ந்து. “இதுக்கு முன்னால வந்த பையனுக்கு உள்ள இருக்கற மொகமே வெளியவும் இருந்துதுங்க. அவனை நம்பி எப்படிப் பொண்ணக் குடுக்கறது? ஊருக்குப் பல்லக் காட்டத் தெரிஞ்ச புள்ள, குடும்பம் நடத்திப்போடும்.”

உடனே நிச்சயப் படம் எடுத்தார்கள். இரு வீட்டாரின் முகங்களும் பளபளவென்று சிரித்துக்கொண்டு நின்றன. கவசங்களுக்குள் ஒவ்வொருவரும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, படத்தில் தான் எப்படி விழுந்திருக்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.