திரைக்குப் பின்னால் ஓர் இதயம்

காலைக் காபிக்கு முன்னால் தன் வயிற்றுப் பிள்ளையைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது பூரணியின் வழக்கம். வயிறு என்பது பேச்சுக்குத்தான். செவ்வாயின் ஈர்ப்புவிசை பிள்ளை சுமக்கத் தோதாக இல்லை என்பதால், குடியிருப்பின் கருக்கள் எல்லாம் பேறுமண்டபத்துக் கண்ணாடிப் பேழைகளில்தான் வளர்ந்தன. மனிதன் கோள் விட்டுக் கோள் வந்தபோது, கண் திருஷ்டியும் டிக்கெட் வாங்காமல் அதே கப்பலில் வந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு பேழையைச் சுற்றியும் கனத்த திரை.

பூரணியின் மகளுக்கு இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஒரு துளை, வால்வும் சுருங்கியிருந்தது. மண்டபத்தைக் கவனித்துக்கொண்ட ‘தாதி’ என்ற பொறி நிதானமாக விளக்கியது.

"பிறப்பதற்கு முன்பே திசு நெய்து சரிசெய்துவிடலாம். அதற்கு வித்து, அதாவது தேறிய இதயத்தின் உயிரணுக்கள், வேண்டும். இதே கோளாறிலிருந்து தேறிய இரத்த உறவினர் ஒருவரிடமிருந்துதான் அதை எடுக்க முடியும். இல்லையென்றால் செயற்கை வால்வு. குழந்தை வளர வளரத் திரும்பத் திரும்ப அறுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் உயிருக்கு ஆபத்து."

"எங்க பரம்பரையில அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது. உன் பக்கம் விசாரி" என்றாள் மாமியார் விசாலம், பட்டென்று.

பூரணி விசாரித்தாள். பூமியிலிருந்த பெரியப்பா வரைக்கும் கேட்டாள். அவர் கோபித்துக்கொண்டு பேச்சையே நிறுத்திவிட்டார். கணவன் தாமோதரனைக் கேட்கத் தோன்றவே இல்லை. குவிமாட ஓட்டப்பந்தயத்தில் வருஷம் தவறாமல் முதலாவதாக வருபவனிடம் இதயத்தைப் பற்றி என்ன கேட்பது?

பேற்றுக்கு ஒரு வாரம் இருந்தபோது விசாலமும் கூட வந்தாள். பேழையின் ஒலிபெருக்கியில் குட்டி இதயம் ஓடியது, தடுக்கியது, மறுபடி ஓடியது. கேட்டுக்கொண்டே நின்ற விசாலத்தின் முகம் வெளுத்துப்போனது.

"தாமுவை வரச் சொல்லு. அவனுக்கும் இப்படித்தான் இருந்தது. பேழையிலேயே சரிபண்ணிட்டாங்க."

பூரணி அவள் பக்கம் திரும்பினாள். "இத்தனை நாள் வாயைத் திறக்கலையே, அத்தை!"

"அவனுக்குப் பொண்ணு கிடைக்கணுமேன்னு மறைச்சேன். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. என்னால வந்த குறைன்னு இவ்வளவு வருஷமா உள்ளுக்குள்ளயே புழுங்கிக்கிட்டிருக்கேன்."

தாதிக்கு இது முன்பே தெரியும். ஆனால் குடும்பம் பூட்டச் சொன்ன செய்தியைப் பொறி வெளியே விடாது. மனிதர்கள் போராடி வாங்கிய சட்டம் அது.

தாமோதரன் ஓடி வந்தான். கண் இமைக்கும் நேரத்தில் வித்தெடுத்தாகிவிட்டது. பேழைக்குள் நெசவு முடிந்த அன்று, ஒலிபெருக்கியில் இதயம் தடுக்காமல் ஓடியது. பூரணி வாய்விட்டு அழுதாள். தாமோதரன் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"அப்போ எனக்கு வித்து குடுத்தது யாரும்மா?"

விசாலம் அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். அன்று எல்லாவற்றையும் முன்னின்று பார்த்தது அவளுடைய மாமியார். அந்த அம்மாள் சொன்னது மட்டும் நினைவிருந்தது. ‘எங்க பரம்பரையில அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது.’ விசாலத்தின் பிறந்த வீட்டார் ஒருவர்கூட அப்போது செவ்வாய்க்கு வந்திருக்கவில்லை. அப்படியானால் வித்தைப் புகுந்த வீட்டில்தான் யாரோ கொடுத்திருக்க வேண்டும்.

"இந்தச் செய்தியையும் வழக்கம்போலப் பூட்டிவிடட்டுமா?" என்று கேட்டது தாதி.

"வேண்டாம்" என்றாள் பூரணி. திரையை முழுவதும் விலக்கினாள். தடுக்க உயர்ந்த விசாலத்தின் கை பாதியில் இறங்கிவிட்டது.

பக்கத்துத் திரையை விலக்கி ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அழுது வீங்கிய கண்கள்.

"உங்க பாப்பாவுக்கும் இதயமா?" என்றாள், குரலைத் தாழ்த்தி. "எங்களுக்கு இன்னும் வித்து கிடைக்கல. எல்லாரையும் கேட்டாச்சு. என் மாமியார்கூட..."

அவளுக்குப் பின்னாலிருந்து வளையல் போட்ட ஒரு கை நீண்டு, திரையை இழுத்து மூடியது.