மூன்று கால் கேமரா

அந்த ஆள் கையை இடப்பக்கம் ஆட்டினான். குடும்பமே இடப்பக்கம் நகர்ந்தது.

வலப்பக்கம் ஆட்டினான். குடும்பம் வலப்பக்கம் நகர்ந்தது.

“பாத்தியா... இவர்தான் புரொபஷனல்! உனக்கு இந்த மாதிரி நிக்க வைக்கத் தெரியுமா?” மாமா உதடு அசையாமல் கேட்டார். சிரிப்பு கலைந்துவிடக் கூடாதே!

வாண்டுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்து நாலு வயதாகியும் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்தான். லீவுக்கு அக்கா வீட்டைப் பார்க்க இந்தப் பாலைவன நகரத்துக்கு வந்திருந்தாள். கழுத்தில் ஆசை ஆசையாய் வாங்கின கேமரா. வானத்தைக் குத்துகிற அந்தக் கட்டடங்களுக்கு முன்னால் அக்காவையும் மாமாவையும் நிற்க வைத்து, அழகாக ஒரு படம்... அதற்காகத்தான் அந்த வெயிலில் வீட்டுத் தெருமுனையிலேயே காரை விட்டு இறங்கினாள். இறங்கினதும் செருப்பு தார் ரோட்டில் ஒட்டியது. காற்று அடுப்புக்குள்ளிருந்து வந்த மாதிரி வந்தது.

அதற்குள் மாமா எதிரே பார்த்துவிட்டார். ரோட்டோரத்தில் மூன்று கால் ஸ்டாண்டு. மேலே ஒரு மஞ்சள் பெட்டி. பெட்டிக்குப் பின்னால் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்தபடி ஓர் ஆள்.

“அடேயப்பா, எவ்ளோ பெரிய கேமரா! வாங்க வாங்க... எல்லாரும் வந்து நில்லுங்க!”

“மாமா, என்கிட்டயே கேமரா இருக்கு.”

“உன்னுதுக்குக் கால் இல்லையேம்மா.”

அவ்வளவுதான். கால் இல்லாத கேமராவோடு வாண்டுவும் ஓரமாகப் போய் நின்றாள்.

இப்போது அந்த ஆள் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து விரித்துக் காட்டினான். வேகமாக வேறு.

“என்னங்க சொல்றாரு?” என்றாள் அக்கா.

“விரிஞ்சு நிக்கணுமாம். நடுவுல எடம் விடு... பின்னாடி கட்டடம் தெரியணும்ல?”

குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அந்த ஆள் பெட்டிக்குள் கண்ணை வைத்தான். நிமிர்ந்தான். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

“எடுத்துட்டாரு!” மாமா கைதட்டினார். “வாங்க, எப்படி வந்திருக்குன்னு பாக்கலாம்.”

மூன்று பேரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அந்த ஆள் வாக்கி டாக்கியில் பேசிக்கொண்டிருந்தான். அதுவும் தமிழில்! “அண்ணே, இந்தப் புள்ளி ஓகே... அந்தக் குடும்பம் ஒருவழியா வழி விட்டுடுச்சு.”

மாமாவுக்கு அது காதில் ஏறவில்லை. “தமிழா தம்பி! சரியாப் போச்சு. எங்க படத்தைக் காட்டுங்க.”

“எந்தப் படம் சார்?”

“இப்ப எடுத்தீங்களே...”

அவன் மாமாவைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். மெதுவாக விஷயம் புரிந்தது. “சார்... நான் சர்வேயர். ரோட்டை அகலமாக்கப் போறாங்க, அளந்துட்டு இருக்கேன். இதுல படம் வராது. தூரம்தான் வரும்.”

“அப்ப கையைக் கையை ஆட்டினீங்களே?”

“அது உங்களுக்குப் பின்னாடி கம்பு புடிச்சிட்டு நிக்கறாரே, அந்த அண்ணனுக்கு. கடைசியா ஆட்டினது மட்டும் உங்களுக்கு. விலகுங்கன்னு.”

தூரத்தில் கம்புக்கார அண்ணன், அந்தக் கம்பையே ஊன்றிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். மாமாவின் முகம் தக்காளி ஆனது.

“வாயால சொன்னா என்னவாம்?” என்று வாண்டு பாய்ந்தாள். மாமா மேல் அவளுக்கு இருந்த கோபம் வேறு, வெளி ஆள் முன்னால் மாமாவை விட்டுக்கொடுப்பது வேறு!

“மூணு தடவை கத்தினேங்க. நீங்கதான் சிரிச்சிக்கிட்டே இருந்தீங்க.”

“நான் சிரிக்கல!”

“ஆமா... நீங்க மட்டும் முறைச்சிட்டு இருந்தீங்க.” கருப்புக் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தான். வெயில் அவன் முகத்தையெல்லாம் கறுக்க வைத்துவிட்டு அந்தக் கண்களை மட்டும் விட்டுவைத்திருந்தது. கிணற்றுத் தண்ணீர் மாதிரி, குளிர்ச்சியாய்... சட்டென்று இடது கண்ணை மூடித் திறந்தான்.

கண்ணடித்தானா? நடுரோட்டில்? மாமா பக்கத்திலேயே நிற்கும்போதா?

வாண்டுவுக்கு வெயில் போதாதென்று உள்ளேயும் சூடு ஏறியது.

வீட்டுக்கு வந்த மாமா ஏசியை முழுசாக வைத்துக்கொண்டு சபதம் போட்டார். “அவன் முகத்துல இனிமே முழிக்க மாட்டேன். யாரும் அவன் இருக்கிற பக்கம் போகக் கூடாது.”

“அது நம்ம வாசல் தெருங்க...” என்றாள் அக்கா.

“அப்ப பின்பக்கமா போவோம்!”

மறுநாளிலிருந்து காரைப் பின் சந்தில் நிறுத்தி, குப்பைத் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு, ஆபீசுக்குத் தலை நிமிர்ந்து போனார் மாமா.

வாண்டுவுக்கு வேறு கவலை. அம்மா போனில் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள். “என்னடி, எல்லாப் படமும் சுவரும் ரோடுமா இருக்கு? அந்த ஊர்ல மனுஷங்களே இல்லையா?”

உண்மைதான். இந்த ஊரில் மனிதர்கள் வீட்டிலிருந்து காருக்கும், காரிலிருந்து கடைக்கும் தாவுகிறார்கள். தெருவில் ஒரு ஈ, காக்கா இல்லை. வெயில் மட்டும் நடந்து போகிறது... தெருவில் நிற்கிற ஒரே ஜீவன் யாரென்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கண்ணடிக்கிற பயல்!

சபதத்துக்கு மறுநாள் காலையில் பால்கனிக்கு வந்தாள். சும்மா, தெருவைப் பார்க்கத்தான். கேமராவில் பெரிய லென்ஸை மாட்டி, கீழே திருப்பி, மெல்ல மெல்லக் கிட்டே இழுத்தாள்... தார் ரோடு... மூன்று கால்... மஞ்சள் பெட்டி... பெட்டியின் கண்ணாடி நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது!

லென்ஸும் லென்ஸும் முட்டிக்கொண்டன. அவன் பெட்டியிலிருந்து தலையை எடுத்தான். அவள் கேமராவிலிருந்து தலையை எடுத்தாள். இரண்டே எட்டில் கீழே இறங்கினாள்.

“வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கறீங்களா?”

“உங்க பால்கனிச் சுவர் வெளிப்பக்கம் பாருங்க... சின்னதா ஒரு ஸ்டிக்கர் இருக்கும். போன மாசம் எங்க ஆளுங்க ஒட்டினது. தினமும் அதைக் குறி பாத்துட்டுத்தான் வேலை ஆரம்பிப்போம்.”

அவனோடு பால்கனிக்குக் கீழே வந்து பார்த்தாள். இருந்தது. தொலையட்டும்!

“சரிங்க... நான் ஸ்டிக்கரைப் பாத்தேன். நீங்க எதைப் பாத்தீங்க?”

“நான்... நான் தெருவைப் பாத்தேன்.”

“தெரு நல்லா இருந்துச்சா?”

கேமராவை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். “அது இருக்கட்டும். நேத்து எதுக்குக் கண்ணடிச்சீங்க?”

“அய்யோ! நானா?” அவன் பதறிய பதற்றத்தில் ஹெல்மெட் நழுவியது. “எதையாவது உத்துப் பாத்தா கண்ணு தானா மூடிக்குதுங்க. எட்டு மணி நேரம் ஒத்தக் கண்ணாலதான் உலகத்தைப் பாக்கறேன். பழக்கதோஷம். கடையில தக்காளி பாத்து வாங்கும்போதுகூட மூடிக்கும். ஒரு தடவை அடியே வாங்கப் பாத்தேன்.”

வாண்டு சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். சிரித்துவிட்டாள். அவனும் சிரித்து, அவளை உற்றுப் பார்த்து... மறுபடி ஒரு கண் மூடிக்கொண்டது!

அப்போது அவன் மூக்கின் மேல் சொட்டென்று ஒரு துளி. இன்னொன்று அவள் கன்னத்தில். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே அக்கா வீட்டு ஏசிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“இந்த ஊர்ல மழைன்னா இதுதாங்க” என்றான்.

துளித் துளியாய், நின்று நிதானமாய் விழுகிற மழை... நகர்ந்து நிற்கலாம்தான். இரண்டு பேருமே நகரவில்லை.

“எனக்கு ஒரு உதவி” என்றாள் வாண்டு. “என் படத்துல மனுஷங்களே இல்லைன்னு அம்மா திட்டறாங்க. கொஞ்சம் ஓரமா நிக்கறீங்களா?”

“நானா? எங்க வேலையில லென்ஸுக்கு முன்னாடி நிக்கறவங்களை விரட்டித்தாங்க பழக்கம்...” என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டை நேராக்கிக்கொண்டான்.

அப்புறம் தினமும் காலையில் வாண்டு ‘தெரு படம்’ எடுக்க இறங்கினாள். நிழல் நீளமாக விழும் நேரம் எது, கண்ணாடிக் கட்டடத்தில் சூரியன் எந்த இடத்தில் எரியும், எல்லாம் அவன் சொன்னான். கம்புக்கார அண்ணன் பாவம், தூரத்தில் கம்போடு நின்று நின்று, கடைசியில் கம்பைச் சாய்த்துவிட்டு நிழலில் உட்கார்ந்துவிடுவார்.

“எப்ப ஊருக்கு?” என்று ஒருநாள் அவன் கேட்டான்.

“வெள்ளிக்கிழமை.”

“ஓ...” என்றான். குனிந்து பெட்டியின் திருகைத் திருகிக்கொண்டே இருந்தான். அவளும் நின்றாள். போன் நம்பர் கேட்பானா? கேட்கவில்லை. நாமே கொடுக்கலாமா? எப்படிக் கொடுப்பது? மாமாவின் சபதம் வேறு... வாயாடி வாயாடி என்று ஊரே சொல்லுகிற வாய், தேவைப்படும்போது பூட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை சாயங்காலம். பெட்டி கட்டியாயிற்று. மாமா உற்சாகமாக டிவியை நோண்டிக்கொண்டிருந்தார். “ஊருக்குப் போறதுக்குள்ள உன் படமெல்லாம் பெருசாப் பாத்துடணும். கேமரா கார்டைக் குடு... அட, குடும்மா!”

வாண்டு தடுப்பதற்குள் கார்டு டிவிக்குள் போய்விட்டது.

முதல் படம். விடிகாலைத் தெரு, நீல நிழல்கள். “ஆகா! நம்ம தெருவா இது?” மாமா பூரித்துப்போனார். கோடியில் ஒரு மஞ்சள் புள்ளி.

அடுத்த படம். மஞ்சள் புள்ளிக்குக் கை கால் முளைத்திருந்தது.

அடுத்தது. மஞ்சள் சட்டை, ஹெல்மெட், தண்ணீர் பாட்டில்.

அடுத்தது. சட்டை மட்டும்தான். தெருவைக் காணோம்.

அடுத்தது...

“இது எந்தக் கட்டடம்டி?” அக்கா கண்ணைச் சுருக்கினாள்.

கட்டடம் இல்லை. பாதி மூடின ஒரு கண். நாற்பத்தைந்து அங்குல டிவி முழுக்க ஒற்றைக் கண்!

மாமா ரிமோட்டைக் கீழே வைத்தார். “இவன்... அவன்தானே?”

அந்த நேரம் பார்த்து காலிங் பெல் அடித்தது. மாமாவே போய்த் திறந்தார். வாசலில் மஞ்சள் சட்டை.

“சார்... தெரு வேலை முடிஞ்சிடுச்சு. பால்கனிச் சுவர்ல எங்க ஸ்டிக்கர் ஒண்ணு... எடுத்துட்டுப் போயிடறேன்...” அவன் பார்வை உள்ளே போனது. டிவியில் நின்றது.

“இது என்னது?” என்றார் மாமா.

“என் கண்ணு சார்.”

“அது தெரியுது! எங்க வீட்டு டிவில எதுக்கு இருக்கு?”

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். உண்மை சொல்லுகிறவன் மாதிரி நின்றான். “சார், இந்தத் தெரு ரெண்டு நாள் வேலை.”

“அதான் வாரம் பூரா நின்னியே! நான் குப்பைத் தொட்டியைச் சுத்திச் சுத்திப் போனேனே!”

“ரெண்டே நாள்ல முடிச்சிட்டேன் சார். அப்புறம்... அளந்ததையே அளந்துட்டு இருந்தேன்.”

“எதுக்கு?”

“அவங்க காலையில படம் எடுக்க இறங்குவாங்க சார்.”

மாமாவுக்கு நம்ப முடியவில்லை. “கம்பெனியில கேக்கல?”

“இவ்ளோ துல்லியமா இதுவரைக்கும் யாரும் அளந்ததில்லைன்னு பாராட்டினாங்க சார். எனக்குத்தான் வெக்கமாப் போச்சு. இன்னிக்கு மேல இழுக்க முடியாது. அதான்... ஸ்டிக்கர் எடுக்க நாளைக்குக்கூட வந்திருக்கலாம். நாளைக்கு அவங்க இருக்க மாட்டாங்க.”

எல்லோரும் வாண்டுவைப் பார்த்தார்கள்.

காலையில் விமானம். இப்போது வாயைத் திறக்காவிட்டால் இனி எப்போது?

“மாமா... நான் தெருவைப் படம் எடுக்கல.”

“அது டிவிக்கே தெரியுதும்மா.”

“நீங்க அவர்மேல கோவமா இருக்கீங்கன்னு தெரியும். உங்களை மீறி ஒண்ணும் செய்ய மாட்டேன். ஆனா மறைக்கவும் மாட்டேன்.” அவன் பக்கம் திரும்பினாள். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும்! “இங்க பாருங்க... எங்க ஊர்லயும் தெரு இருக்கு. கோணல்மாணலா, அளக்கவே முடியாத தெரு. அதுல மூணாவது வீடு. அப்பா சாயங்காலம் வீட்லதான் இருப்பாரு. வந்து கேளுங்க. அம்மாவுக்கு உங்களை ஏற்கெனவே தெரியும், தினமும் போன்ல ‘யாருடி அந்த மஞ்ச சட்டை’ன்னு விசாரிக்கறாங்க. எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. ரொம்பப் புடிச்சிருக்கு. நாளைக்கு பிளைட்ல பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட சொல்லி அழறதுக்கு, உங்ககிட்டயே சொல்லிடறேன்... அவ்ளோதான்!”

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

அவன் காது மடல் இரண்டும் சிவந்து, சின்னப் பையன் மாதிரி தலையை மட்டும் ஆட்டினான்... வர்றேன், வர்றேன் என்று.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே கணவனைப் பார்த்தாள். மாமா டிவியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். ஒரு வாரமாகக் காத்துவந்த கோபத்தை இப்போது எங்கே கொண்டு வைப்பது என்று தெரியாமல் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

“லீவு இருக்காடா உனக்கு?”

“சார்?”

“பொண்ணு கேக்கப் போறதுன்னா லீவு வேணும்ல?” என்று உறுமினார் மாமா. “என்ன வாசல்லயே நிக்கற... உள்ள வந்து கதவைச் சாத்து. ஏசி பூரா வெளிய போகுது!”