பார்க்காத பக்கத்துக் கழிவு

ஏலக்காயின் தோலுக்குள்ளே இருக்கும் ஈரம் கொண்டல்ராஜுக்கு இப்போது வெறுங்கண்ணில் தெரிந்தது. எந்தக் காய் நேற்று மழை பட்டது, எதற்குப் பச்சைச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று எட்ட நின்றே சொன்னார். கண்கட்டு அவிழ்த்த அன்றே போடி ஏலச் சந்தையில் இரண்டு பேருடைய சரக்கைத் திருப்பி அனுப்பியாயிற்று.

விழிச்செதுக்கியின் வேலை அது. ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் சட்டை தைப்பது மாதிரி, ஆளுக்கு ஆள் பார்வை தைக்கும் லேசர் இயந்திரம். முதலில் விழித்தடமி என்று பொட்டளவு வில்லை ஒன்றைக் கண்ணோரம் ஒட்டி விடுவார்கள். ஒரு வாரம் நீங்கள் எதை எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்று அது குறித்துக்கொள்ளும். அதற்கேற்பக் கருவிழியையும் அதன் பின்னுள்ள திரையையும் ஒளிக்கதிர் செதுக்கும்.

டாக்டர் நிலோபர் எல்லாவற்றுக்கும் பொதுவான பார்வையைத்தான் சிபாரிசு செய்தார். கொண்டல்ராஜ் விடவில்லை. கண்ணின் திறன் மொத்தம் இவ்வளவுதான் என்றால், நான் பார்க்காத பக்கத்தில் அதை வீணாக வைப்பானேன், அங்கே கழித்துச் சரக்குப் பக்கம் சேர்த்துக் கொடுங்கள் என்று ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார். கழிவு சம்மதமானதும், இன்னொரு கண்ஜோடிக்கும் அதே கணக்கைப் போட்டுக் கொசுறாகத் தரவேண்டும் என்று மனைவி ஈஸ்வரிக்கும் ஒரு வில்லையை ஒட்டவைத்து உள்ளே தள்ளினார். வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று டாக்டர் கேட்டதற்கு, சும்மா கிடைப்பதை யார் வேண்டாம் என்பார்கள் என்று சிரித்தார்.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவர் கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்கவில்லை.

இலையோரத்து உப்பின் ஒவ்வொரு பரலும் தெரிந்தது. பரிமாறிய கையின் வளையல் கீறல் தெரிந்தது. புடவை முந்தானையில் விட்டுப்போன இழைகூடத் தெரிந்தது. கழுத்துக்கு மேலே மட்டும் தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி ஒரு வெளிறல். கண் இல்லை, மூக்கு இல்லை. அந்த மாவுக்குள்ளிருந்து, “ரசம் ஊத்தவா?” என்று ஈஸ்வரியின் குரல் வந்தது.

பழுதை வெளியே சொல்லிப் பழக்கமில்லாத வியாபாரி. ஊற்று என்றார். சாப்பிட்ட கை காய்வதற்குள் ஆஸ்பத்திரியில் நின்றார்.

டாக்டருக்கும் முகம் இல்லை. வெள்ளைக் கோட்டுக்கு மேல் மாவு.

“ஒரு வாரத்துல நீங்க ஒரு முகத்தையும் நின்னு பாக்கல ஐயா. எல்லார் கையையும்தான் பாத்திருக்கீங்க.”

அதில் பொய்யில்லை. எதிராளி முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் விலை இறங்கும். கையைப் பார்த்தே பேரம் பேசு என்பது அவர் சந்தையில் காலூன்றிய நாளிலிருந்து காத்துவந்த விரதம். கடையில் காத்த விரதத்தை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றிவைக்க மறந்திருந்தார், அவ்வளவுதான்.

“எங்க சந்தையில பாதிப் பேரு இங்கதான செஞ்சிருக்காங்க. அவங்களுக்கு?”

“உங்களை மாதிரியே கழிச்சு வாங்கிட்டுப் போனவங்கதான். ஒருத்தர்கூட இன்னும் குறைன்னு வரல.”

கொண்டல்ராஜ் சந்தையை நினைத்துப் பார்த்தார். காலையில் தன்னைப் பார்த்து வணக்கம் போட்டவர்கள் எல்லாம் எதைப் பார்த்துப் போட்டார்கள்?

மாற்ற வழி உண்டு என்றார் டாக்டர். மறுபடி விழித்தடமி ஒட்டி, ஒரு முகத்தை ஒரு வாரம் கண்ணோடு கண் பார்க்கவேண்டும். அந்தக் கண்ணும் இவரைத் திரும்பப் பார்க்கவேண்டும். பார்வை சந்திக்காமல் இயந்திரம் முகத்தை ஏற்காது.

வீட்டுக்கு வந்து, வாழ்க்கையில் முதன்முறையாகப் பழுதை மறைக்காமல் மனைவியிடம் சொன்னார். ஈஸ்வரி ஜன்னலோரம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குந்தான் தெரியல. கட்டு அவுத்ததுலருந்தே,” என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று தடுமாறிக் கேட்டார்.

“வித்தியாசம் ஒண்ணும் தோணல. இருமல்ல நீங்கன்னு தெரிஞ்சுக்கிடுறேன்.”

ஒரு வாரம் எதிரில் உட்கார்ந்தால் போதும், இரண்டு பேருக்கும் சரியாகிவிடும் என்று கெஞ்சினார். பட்டுப்புடவை என்றார். அவள் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள். சங்கிலி என்றார். விலையை ஏற்றிக்கொண்டே போவது தான்தான் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

“நீங்க செஞ்சுக்கங்க. எனக்கு இதே இருக்கட்டும்.” அவள் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினாள். “அந்த முக்குல திரும்பறப்பவே மதுரை பஸ்ஸு போர்டு தெரியுது. இங்கருந்து நடந்தாலே புடிச்சிறலாம்.”

எத்தனை வருடமாக அவள் அந்த ஜன்னலில் நின்று எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்? அவர் எட்டிப் பார்த்தார். தூரத்தில் சிவப்பாக ஏதோ நகர்ந்தது. சட்டென்று திரும்பி, விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று தெரிந்துகொள்ள மனைவியின் முகத்தைத் தேடினார்.